எல்லாத் தளங்களிலும் முளைத்த ஒரு பெட்டி

யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் நான் கண்டியில், வாவிக்கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பனியொன்றில் வேலை செய்தேன். "மகள் புரோகிராம் எழுதுது" என்று நாவலப்பிட்டியில் அம்மா சொல்வார். கேட்பவர்கள் வானொலி நிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மாவும் அதைத் திருத்தியதில்லை.

கம்பனியில் மூன்று பேர்தான். முதலாளி சிங்களவர். நல்ல மனிதர், ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் குரலை உயர்த்தினால் உடனே எதற்கும் தலையாட்டிவிடுவார். மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை நீர் என்பார்.

வருகிற வேலையெல்லாம் இணையத்தளங்கள். ஒரு தனியார் மருத்துவ நிலையம், ஒரு புடவைக்கடை, ஒரு டியூஷன் நிலையம். எல்லோருக்கும் ஒரே தேவை: தங்கள் ஆட்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வரவேண்டும். ஆரம்பத்தில் பழைய தளத்தில் எழுதியதைப் பிரதி எடுத்துப் புதியதில் ஒட்டுவோம். அதிலிருந்த பிழையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும். மருத்துவ நிலையத்தில் திருத்தியதைப் புடவைக்கடையில் திருத்த மறந்துவிடுவோம்.

ஒருநாள் அண்ணா கதிரையைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "ஒண்டையே திருப்பித் திருப்பிச் செய்யிறம். ஒருக்கா ஒழுங்காச் செய்து வச்சா, எங்க வேணுமோ அங்க கொண்டுபோய்ப் பூட்டலாம் எல்லே?"

அப்படித்தான் அந்த நிரல் துண்டுகள் பிறந்தன. உள்ளே வருவதற்கு ஒன்று, புதிதாகப் பதிவு செய்வதற்கு ஒன்று, கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு ஒன்று. எல்லாவற்றையும் சேர்வரில் ஒரே இடத்தில் வைத்தோம். எல்லாத் தளங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டன. ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். அது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

பதிவுத் துண்டில் நான் பிடிவாதமாக ஒரு காரியம் செய்தேன். மற்றவர்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைப்பார்கள். எங்களுக்கேது குடும்பப்பெயர்? பள்ளிக்கூடத்திலிருந்து வங்கிவரை அப்பாவின் பெயரை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று விழித்தவள் நான். அதனால் 'முழுப்பெயர்' என்று ஒரே பெட்டியாக வைத்தேன். அண்ணா பார்த்துவிட்டு, "இது நல்லாயிருக்கு" என்றார். அவர் பாராட்டினால் அவ்வளவுதான் பாராட்டுவார்.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் பொருந்தி இருக்க முடியாது. பஸ்களிலும் ரயில்களிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். காலை ரயிலில் மேல்தட்டில் ஆளில்லாமல் ஒரு பை இருந்தால், அது யாருடையதென்று தெரியும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடையாள அட்டை இருக்கிறதா என்று கைப்பையைத் திறந்து பார்ப்பேன். பேராதனை தாண்டுவதற்குள் திரும்பவும் பார்ப்பேன். அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டேயிருக்கும். நானே எழுதிய பக்கத்தில் நானே உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பேன். "அது வேலை செய்யுது, விடும்" என்பார் அண்ணா.

அவர் குண்டசாலையில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருந்தார். தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர் அந்த அம்மா. அண்ணாவை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

அப்போதுதான் புதிய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். நகரைச் சுற்றிச் சில விடுதிகள் வைத்திருந்தவர். தங்க வருகிறவர்கள் முதலில் இணையத்தில் பதிவு செய்யவேண்டும் என்றார். அந்தப் பதிவில் 'இனம்' என்று ஒரு பெட்டி வேண்டும், அதை நிரப்பாமல் யாரும் மேலே போகக்கூடாது என்றார். "பொலிஸ் எப்படியும் கேட்கிறது. ஆள் பயணப் பெட்டியோடு வாசலில் வந்து நின்ற பிறகு கேட்பதைவிட, முதலிலேயே தெரிந்தால் இரண்டு பக்கமும் நல்லது" என்று சிரித்தார்.

அவர் போனபின், என்னை நங்கி, அதாவது தங்கை, என்று கூப்பிடும் முதலாளியிடம் சிங்களத்தில் கேட்டேன்:

"சேர், தமிழ் ஆள் என்று தெரிந்தால் அறை இல்லை என்று சொல்லத்தானே இது?"

"நாங்கள் எதற்கு அதையெல்லாம் யோசிக்க வேண்டும், நங்கி? அவர் கேட்கிறார். ஒரு பெட்டிதானே."

"அந்தப் பதிவுத் துண்டை எல்லாத் தளங்களும் பாவிக்கின்றன. அதற்குள் வைக்க முடியாது."

"அப்படியென்றால் ஒரு வழி பாருங்கள். அடுத்த வாரம் அவருக்குக் காட்டவேண்டும்."

அண்ணா திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டேயிருந்தார். மாலையில் படியிறங்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே அண்ணா."

"என்னத்தைச் சொல்லுறது? நான் குண்டசாலையில அறை தேடேக்க எத்தினை வீட்டில இல்லையெண்டவை தெரியுமே? அவையளிட்ட பெட்டி ஒண்டும் இருக்கேல்லை. நான் கதைக்கிற விதத்தைக் கேட்டே சொன்னவை."

"அப்ப போட்டுக் குடுத்துறலாமா?"

அவர் நின்றார். "இல்லை. சொல்லுறவன் வாயால சொல்லட்டும். நாங்கள் எழுதிக் குடுக்கேலாது. திங்கள் சேரிட்ட நானே கதைக்கிறன்."

திங்கட்கிழமை அவர் வரவில்லை. நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. குண்டசாலை அம்மா.

"விடியற்காலையில் சுற்றிவளைத்தார்கள். மல்லியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பொலிஸுக்குத்தான் போகிறேன்."

முதலாளி எழுந்தார், உட்கார்ந்தார். "எனக்குத் தெரிந்த ஒருவரோடு பேசுகிறேன். நீ போகாதே, நங்கி. உன்னையும் வைத்துக்கொள்வார்கள்" என்றார். அவர் இலக்கம் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் படியிறங்கி ஒரு முச்சக்கரவண்டியில் ஏறிவிட்டேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். அந்த அறைக்குள் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

பொலிஸ் நிலைய வாங்கில் பொடியன்கள் சிலரோடு அண்ணாவும் உட்கார்ந்திருந்தார். காலில் வீட்டுச் செருப்பு. என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"நீர் ஏன் வந்தனீர்?"

குண்டசாலை அம்மா எனக்கு முன்பே வந்து, உள்ளே ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். பிரச்சினை அண்ணாவின் அடையாள அட்டையில் இருந்த யாழ்ப்பாண முகவரி மட்டுமல்ல, அவருடைய மடிக்கணினியும்தான். திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. இது எதற்கு, உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அவர்கள் கேட்க, இது வேலை என்று அவர் சொல்ல, அதிலேயே காலை கழிந்திருந்தது.

"சேர், அதிலுள்ள வேலையை நானும் சேர்ந்துதான் செய்தேன். நான் திறந்து காட்டவா?" என்றேன். என் சிங்களம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அதிகாரி மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். அண்ணா அங்கிருந்தே தன் கடவுச்சொல்லைச் சொன்னார். அதன் பிறகு நாங்கள் பரீட்சித்துப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து, என் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினேன். எங்கோ ஓர் எழுத்து தவறி விழுந்தது. திரையில் சிவப்பில் வந்தது: 'பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை.' கீழே அதுவே சிங்களத்தில்.

அதிகாரி குனிந்து வாசித்தார். "எது பிழை? பெயரா, கடவுச்சொல்லா?"

"அதைச் சொல்லாது சேர்."

"ஏன்?"

"சொன்னால் திருடனுக்கு உதவியாகிவிடும். பெயர் சரி என்று தெரிந்தால் மற்றதை மட்டும் ஊகித்தால் போதும்."

அவர் என்னைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார். "நாங்களும் அப்படித்தான், எது பிழை என்று சொல்லமாட்டோம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் முறை சரியாகத் தட்டினேன். மருத்துவ நிலையத்தின் மாதிரிப் பக்கம் திறந்தது. அவர் இங்கே அங்கே அமத்திப் பார்த்தார், சலித்துப்போய் மூடினார். குண்டசாலை அம்மா, மல்லி தன் வீட்டில்தான் இருக்கிறார், தானே பொறுப்பு என்று மறுபடியும் சொன்னார். மதியத்துக்குப் பிறகு அண்ணாவை மடிக்கணினியோடு விட்டார்கள். வாங்கில் இருந்த மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள். அவர்களைத் தாண்டி வெளியே நடந்தது இன்னும் எனக்குள் அறுத்துக்கொண்டிருக்கிறது.

அண்ணாவை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னேன். "கந்தோருக்கே வாறன். அறையில இருக்கேலாது" என்றார்.

அலுவலக மாடிப்படியிலேயே தொலைபேசிச் சத்தம் கேட்டது. முதலாளி ரிசீவர் காதிலும் செல்லிடப்பேசி மற்றக் கையிலுமாக வியர்த்துப்போய் நின்றார். நாங்கள் இல்லாத நேரத்தில் விடுதிக்காரர் கேட்டுத் தொந்தரவு செய்ய, முதலாளியே அந்தப் பெட்டியை எழுதி, சேர்வரிலிருந்த பதிவுத் துண்டின் மேலேயே போட்டுவிட்டார். கட்டாயப் பெட்டியாக. அது எல்லாத் தளங்களிலும் முளைத்துவிட்டது. சட்டைத்துணி வாங்க வந்தவர்களையும், இரத்தப் பரிசோதனை முடிவு பார்க்கப் பதிவு செய்தவர்களையும், கணித வகுப்பில் சேர வந்த பிள்ளைகளையும் 'உங்கள் இனம் என்ன?' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ரிசீவரை என் கையில் திணித்தார். புடவைக்கடை முதலாளி. கண்டியில் பழைய முஸ்லிம் வியாபாரி, எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர்.

"என்ன மகள் இது, புதுசா ஒரு பெட்டி வந்தீக்கே? நாங்க கேக்கல்லையே."

"தவறுதலா வந்துருச்சு. இப்பவே எடுத்துர்றோம்."

"கெதியா எடுங்க. எண்பத்திமூணு கலவரத்துல இந்தத் தெருவுல எந்தக் கடை யார்டயெண்டு கேட்டுக் கேட்டுத்தான் நெருப்பு வெச்ச. நான் பாத்துக்கிட்டு நிண்ட ஆள். எங்கட வாசல்ல அந்தக் கேள்வி வாணாம், மகள்."

மற்றத் தொலைபேசியில் மருத்துவ நிலையத்துச் சிங்கள டொக்டர் அம்மா. அவர் கத்தவேயில்லை. தன் இடத்தில் நோயாளியிடம் இதை யாரும் கேட்டதில்லை, கேட்கவும் விடமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தக் குரலுக்குத்தான் முதலாளி அதிகம் பயந்திருந்தார்.

திரும்ப எடுக்க அவருக்குத் தெரியவில்லை. பழையதன் மேலேயே எழுதியதால் சேர்வரில் பழையது இல்லை. நல்ல பிரதி அண்ணாவின் மடிக்கணினியில்தான் இருந்தது. அண்ணா முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, அதைத் திறந்து, துண்டை மறுபடி ஏற்றினார். நான் ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்தேன். பெட்டி போயிருந்தது. போயிருந்தும் மறுபடி மறுபடி பார்த்தேன்.

"ஒரு தளத்துக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தேன், மல்லி" என்றார் முதலாளி.

அண்ணா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒன்றுக்கு மட்டும் என்றாலும் நான் எழுதமாட்டேன், சேர். இன்றைக்குச் சொல்லத்தான் இருந்தேன்."

முதலாளி கீழே போய், தானே மூன்று சோற்றுப் பார்சல் வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்ட பிறகு, எங்கள் முன்னாலேயே விடுதிக்காரருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தார். எங்களால் முடியாது என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் சொன்னார்.

விடுதிக்காரர் வேறு யாரிடமோ செய்துகொண்டார். பின்னொரு நாள் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். பெட்டி இருந்தது. நாங்கள் மாட்டோம் என்றதால் அங்கே எந்தத் தமிழருக்கும் அறை கிடைத்துவிடவில்லை. அது தெரிந்தும், எழுதவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு நிம்மதி உண்டு.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் அண்ணா வெளிநாடு போனார். வழியனுப்பக் குண்டசாலை அம்மா ரயில் ஸ்டேஷனுக்கு வந்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். "மெசேஜ் போடுறன், நீர் சும்மா சும்மா பயப்பிடாதையும்" என்றார் அண்ணா. நான் சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் அவருடைய பயனர் கணக்கை நீக்கிவிடச் சொன்னார் முதலாளி. வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அப்படித்தான் செய்யவேண்டும், நான்தான் அந்த ஒழுங்குவிதியையே எழுதியவள். பக்கத்தைத் திறந்தேன், அவர் பெயருக்கு எதிரே இருந்த பொத்தான்வரை போனேன். பிறகு எழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றேன். அன்றைக்குச் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. முதலாளியும் திரும்பக் கேட்கவில்லை.