நடந்தாலும் எரியும் விளக்கு

சுதந்திரம் கிடைத்த மறு வருடம் சிவகாமசுந்தரி புக்கிட் ரம்பாய் கிராமத்தில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். பகலெல்லாம் தையல், பொழுது சாய்ந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். திரும்பும்போது இருட்டிவிடுவதால், விளக்கு வாங்க காஜா பெராங்கில் ஹாஜாவின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

ஹாஜா பளபளக்கும் டைனமோ விளக்கை எடுத்து வைத்தார். "டீச்சர், இப்ப எல்லாரும் இததான் கேக்குறாங்க."

"சைக்கிளத் தள்ளிக்கிட்டு நடந்தா எரியுமா, பாய்?"

"மிதிச்சாத்தான் எரியும். சைக்கிள வெச்சுக்கிட்டு எதுக்கு நடக்கணும்?"

"வகுப்பு முடிஞ்சா பொம்பளைங்க நடந்துதான் வீட்டுக்குப் போறாங்க. அவங்கள இருட்டுல விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போறது?"

ஹாஜா மேல்தட்டிலிருந்து, ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய கார்பைடு விளக்கு ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்தால் நின்றாலும் நடந்தாலும் எரியும். "பழைய மாடலாச்சே," என்று தயங்கினார். அவளுக்கோ அதன் வட்ட முகமே பிடித்துவிட்டது.

அன்று வகுப்பு விட்டதும் அவள் சைக்கிளைத் தள்ள, பெண்கள் பேசிக்கொண்டே அந்த வெளிச்சத்தில் நடந்தார்கள். வழியில் ஒரு பெயர்ப்பலகை முன், அவர்களில் ஒருத்தியான பொன்னம்மா நின்றுவிட்டாள்.

"டீச்சர், விளக்கக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. படிச்சிப் பாக்குறேன்."