செபமாலையம்மாள் கேட்ட இருட்டு

மழைக்கு முன்னால் ஏலத்தோட்டத்து நிழல் மரங்களில் கிளை கழிப்பார்கள். மத்தியாஸுக்கு அதுதான் வேலை. ஒரு மே மாதம் அவர் நின்றிருந்த கிளை முறிந்தது. உயிர் தப்பியது, ஆனால் இடுப்புக்குக் கீழே எதுவும் அவருடையதாக இல்லாமல் போயிற்று.

சின்னக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருந்த லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவர்களுக்கு ஒரே அறை. பின்னால் அடுப்படி. மனைவி செபமாலையம்மாள் காலையில் அவரைத் துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்து, தண்ணீரைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு ஏலக்காய் எடுக்கப் போவாள். பக்கத்து வீட்டு வனிதா நடுவில் வந்து எட்டிப் பார்த்துக்கொள்வாள். மத்தியாஸ் புலம்புகிற ஆள் இல்லை. மரத்து மேலிருந்து கீழே போகிறவர்களைக் கேலி பேசியே பழகிய வாய், கட்டிலிலும் ஓயவில்லை.

"நேத்து பூப்பாறை வரைக்கும் நடந்துட்டு வந்தேன், செபமாலை. காலெல்லாம் ஒரே வலி" என்பார் விடிந்ததும்.

"யாரைக் கேட்டுப் போனீங்க?" என்பாள் அவளும்.

கனவில் அவர் நடந்தார். ஏறினார், இறங்கினார், கடையில் நின்று டீ குடித்தார். அதை அவளிடம் சொல்வதில்தான் அவருடைய பகல் தொடங்கும்.

அப்புறம் எதிர்ச்சரிவில் அந்த ரிசார்ட் வந்தது. திறப்பு விழாவன்று உயரமான இரும்புக் கம்பங்களில் வெள்ளை விளக்குகளைப் போட்டார்கள். பால்கனியில் நிற்கிற விருந்தாளிக்கு ராத்திரியிலும் மலை தெரிய வேண்டுமென்று அவற்றை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். மலை தெரிந்தது. மலையிலிருந்த லயமும் தெரிந்தது. செபமாலையம்மாளின் வீட்டுக்கு வாசலும் சன்னலும் அந்தப் பக்கமே. கட்டிலின் மேல் விழுந்த வெளிச்சம் விடியும்வரை நகரவில்லை.

சன்னலில் போர்வையைக் கட்டினாள். காற்று அடைபட்டு அவருக்கு நெஞ்சு இரைத்தது. முகத்தில் துண்டைப் போட்டால் மூச்சு முட்டியது. கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்டாள்; கதவிடுக்கிலும் தகரக் கூரையின் ஓரத்திலும் வெளிச்சம் வழிந்தது. சில வாரங்களில் அவர் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார்.

"தூங்குனீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எங்க தூங்குறது? நான் நடக்கறதே தூக்கத்துலதான். அதையும் புடுங்கிட்டானுவ."

அன்று அவள் வேலைக்குப் போகாமல் ரிசார்ட்டுக்குப் போனாள். மேனேஜர் ஜின்சன் நல்ல பையன்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"சேச்சி, இது என் கையிலே இல்லா. ஓனர் எர்ணாகுளத்திலே. மலை தெரியணும், அதுக்காக்கும் இத்தனை லைட்."

"அணைக்க வேண்டாம் சாரே. கொஞ்சம் தரையைப் பாத்துத் திருப்பி, மேல ஒரு மூடி போட்டாப் போதும். சீக்காளி மனுசன் கிடக்காரு."

"ஞான் சொல்லிப் பார்க்கேன், சேச்சி."

அவன் சொன்னானோ இல்லையோ, விளக்கு திரும்பவில்லை. ஆனால் அவள் போய்க் கேட்ட செய்தி லயத்துக்குள் பரவிவிட்டது. சாயங்காலம் வனிதா வாசலில் வந்து நின்றாள்.

"அந்த லைட்டு வந்த பொறவுதான் நம்ம பக்கம் ஆனை எட்டிப் பாக்கல. அதைப் போய் அணைக்கச் சொன்னீங்களாமே அக்கா? எனக்குச் சின்னப் புள்ளைக இருக்கு."

"அணைக்கச் சொல்லல வனிதா. திருப்பத்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

வனிதா எட்டிப் பார்ப்பது அதோடு நின்றது. அவள்மேல் செபமாலையம்மாளுக்குக் கோபம் வரவில்லை. போன வருடம் யானை தள்ளிய சுவருக்கு உள்ளே பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடந்தவள் வனிதா. அவள் பயம் பொய்யில்லை. ஆனாலும் பகலில் மத்தியாஸ் தனியாகக் கிடந்தார். தண்ணீர்ச் சொம்பு கைதவறி உருண்டால், செபமாலையம்மாள் திரும்பி வரும்வரை தாகத்தோடு கிடப்பார்.

ஈஸ்டர் கழிந்து இன்னொரு முறை ரிசார்ட்டுக்குப் போனாள். ஜின்சன் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்தான். கேட் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஜூலை மழையில் மத்தியாஸுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வார்டில் விளக்கை அணைக்கிற வழக்கமே இல்லை. ஆக்ஸிஜன் குழாயை விலக்கிவிட்டு அவர் அவள் கையைப் பிடித்தார்.

"வீட்டுக்கே போயிருவமா? இங்க அதைவிட வெளிச்சமா இருக்கு."

"நாளைக்குப் போவோங்க."

சொன்னபடியே மறுநாள் அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள், பெட்டியில். நுரையீரல் கெட்டுப் போயிருந்தது என்றார் டாக்டர். விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அடக்கம் முடிந்த வாரமே காய் எடுக்கப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள்களில் ரிசார்ட்டில் ஒரு கூட்டம் வந்து தங்கியது. மலையில் நட்சத்திரம் பார்க்கலாம் என்று வந்தவர்கள் அவர்கள். விளக்கு வெளிச்சத்தில் வானமே தெரியவில்லை என்று சண்டை போட்டு, அதை எல்லோரும் படிக்கிற மாதிரி இன்டர்நெட்டில் எழுதியும் போட்டுவிட்டார்கள். ஓனர் நேரில் வந்தார். கம்பங்களின் உயரம் குறைந்தது. விளக்குகளுக்கு மூடி வந்தது, வெள்ளை போய் மஞ்சள் வந்தது, வெளிச்சம் நடைபாதையை மட்டும் பார்த்து விழுந்தது. லயத்துக்குப் போகிற பாதையிலும் இரண்டு விளக்கு போட்டுக் கொடுத்தார்கள்.

ஜின்சன் சந்தோஷமாக ஓடி வந்தான்.

"சேச்சி சொன்னபடியே ஆயி! சேட்டன் இனி சுகமாயிட்டு உறங்கலாம்."

செபமாலையம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு போயி அஞ்சு மாசமாச்சு சாரே."

அவன் முகம் செத்துப்போனது. ஊருக்குப் போயிருந்தேன், யாரும் சொல்லவில்லை என்று ஏதோ தடுமாறினான். அவள் உள்ளே போய்ப் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். அவன் நின்றபடியே குடித்தான்.

பொழுது சாய்ந்ததும் லயத்துச் சனங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆகாசத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு வனிதா கதவைத் தட்டினாள்.

"அக்கா, வந்து பாருங்க. எம்புட்டு நட்சத்திரம்!"

செபமாலையம்மாள் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றாள். மேலே பார்க்கவில்லை. இருட்டில் எதிர்ச்சரிவு மறைந்துபோன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி இருட்டா ஒரே ஒரு ராத்திரி அவருக்குக் கிடைச்சிருக்கலாம், வனிதா."

வனிதா அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செபமாலையம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.