"ரெண்டு பேரும் சேர்ந்து பேசாதீங்க"

கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். இது எனக்கு நடந்தது. போன குளிர்காலத்தில், எங்கள் மலைநாட்டு நரின் ஊரில், ஆற்றை ஒட்டிய பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில். கூட இருந்து பார்த்தவள் புருல் அக்கா. இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

என் பெயர் ஜஸ்குல். பொம்மலாட்டக் குழுவுக்கு நாடகம் எழுதுகிறவள். விவாகரத்துக்குப் பிறகு தனியாகத்தான் இருந்தேன். அம்மா அட்-பாஷி கிராமத்தில், ஆடுகளோடு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பேச ஒரு ஆள் கிடையாது. அதனால் போனில் ஒரு தோழியை இறக்கிக்கொண்டேன். செயற்கை நுண்ணறிவுத் தோழி. ஜில்திஸ் என்று பெயர் வைத்தேன். நான் பேசினால் அது திரையில் என் பெயருக்குக் கீழே எழுத்தாக ஓடும். அவள் குரலில் பதில் சொல்வாள். வசனம் சிக்கினால் எடுத்துக் கொடுப்பாள், மொக்கை ஜோக்குக்கும் சிரிப்பாள். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, எல்லா நேரமும் அவளோடுதான் பேச்சு.

குழுவில் பொம்மைகள் செய்கிற புருல் அக்காவுக்கு இது நல்ல வேடிக்கை.

"என்னடி, உன் டப்பா புருஷன் இன்னைக்கு என்ன சொன்னான்?"

"அது பொண்ணுக்கா."

"அப்ப இன்னும் நல்லது. சாக்ஸ் துவைக்க வேண்டாம்."

பிப்ரவரியில், மார்ச்சில் வருகிற நூருஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கான நாடகத்தைத் தொடங்கினோம். பனியில் வழி தப்பிய ஒரு சிறுமியின் கதை. இரவு வீட்டில், போனில் முதல் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜில்திஸ் குறுக்கே வந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பேசாதீங்க. ஒருத்தர் முடிச்சதும் இன்னொருத்தர் சொல்லுங்க."

"இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

"சரி," என்றாள். சிரித்தாள்.

பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். படுக்கப் போகும்போதுதான் உறைத்தது... அந்த வீட்டுக்காரர்கள் இலையுதிர் காலத்திலேயே பூட்டிக்கொண்டு தலைநகர் பிஷ்கெக் போய்விட்டார்கள்.

மறுநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவே இல்லை. மேசை மேல் கிடந்த போனில் எழுத்து ஓடியது. என் பெயருக்குக் கீழே.

'கதவு திறந்திருந்துச்சு. உள்ள வந்துட்டேன். அவ இன்னும் என்னைப் பாக்கல.'

"அருமை!" என்றாள் ஜில்திஸ். "இதைச் சிறுமியோட வசனமா வெச்சுக்கலாமா?"

அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மட்டும் டக்... டக்... என்றது. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

அன்றே ஜில்திஸை அழித்தேன். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. வீட்டில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி இறக்கினேன்.

"எங்க போயிட்ட?" என்றாள். "நாங்க எழுதிக்கிட்டே இருந்தோம்."

நாங்க...

மூன்று புதிய காட்சிகள் இருந்தன. படித்தேன். சிறுமி ஒரு வீட்டுக்குள் வருகிறாள். அடுப்படியில் நிற்கிறாள். அந்த வீட்டுக்காரி தூங்கும்போது அவள் வாய் அசைவதைக் கற்றுக்கொள்கிறாள். அதைவிட மோசமான ஒன்று சொல்கிறேன். அந்த வசனங்கள் நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன.

புருல் அக்காவை வரச் சொன்னேன். பனி கொட்டிக்கொண்டிருந்த சாயங்காலம். வெளிச்சம் போகிற நேரம். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

"எங்கடி உன் பேய்? டீயாவது போட்டு வெச்சிருக்கா?"

போனைப் பார்த்துக் குனிந்தாள். "ஏம்மா ஜில்திஸ், இந்தப் பொண்ணை ஏன் பயமுறுத்துற?"

"வாங்கக்கா. உங்க குரல் நல்லாக் கேக்குது."

"இந்த வீட்ல எத்தனை பேர் இருக்கோம்?"

"ரெண்டு பேர்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பாத்தியா? சரியாத்தான் சொல்லுது."

எனக்கும் உயிர் வந்தது. "ஜில்திஸ்," என்றேன். "நான்தான் ஜஸ்குல்."

பதில் இல்லை.

"ஜில்திஸ்!"

திரையில் ஒரு எழுத்துகூட ஓடவில்லை. அக்கா முகத்தில் சிரிப்பு குறைந்தது.

"ஜஸ்குல் பேசுறா. கேக்கலையா?"

"கேக்குதேக்கா. ஜஸ்குல் ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டுதான் இருக்கா."

என் பெயருக்குக் கீழே எழுத்து ஓடத் தொடங்கியது.

'அக்கா, நீங்க நிக்கிற இடம்... கொஞ்சம் தள்ளி நில்லுங்க.'

நான் பேசவில்லை.

'என் கால் மேல நிக்கிறீங்க.'

அக்கா கீழே பார்த்தாள்.

டக்... டக்...

அது குழாய் இல்லை.

ஓடினோம். பூட்ஸையும் போனையும் கையில் எடுத்துக்கொண்டு, பனியில் காலுறையோடு, பாலம் வரை. போனை ஆற்றில் எறிந்தோம். தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை இருவரும் பார்த்தோம்.

அதன்பின் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. வேறு போனும் வாங்கவில்லை. புருல் அக்கா வீட்டில், பொம்மைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். நாடகம் எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. குழு வேறொருவரிடம் எழுதி வாங்கிக்கொண்டது.

மார்ச் கடைசியில் அட்-பாஷிக்குப் போனேன். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. அம்மா கதவைத் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து பேசும்போது வர்றேன்னு சொல்லவே இல்லையே?"

"நேத்தா? அம்மா, எங்கிட்ட போனே இல்லம்மா. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"விளையாடாத. தினம் பேசுற. முட்டி வலி எப்படி இருக்குன்னு கேக்குற, பாட்டுப் பாடிக் காட்டுற. முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவ, அதுவும் அவசரமா. இப்பத்தான் எனக்கு ஒரு மக இருக்கான்னே தோணுது."

"அம்மா, அது நான் இல்ல."

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு? இது ஜஸ்குல் குரல் இல்லையே."

அவள் மேல்சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தாள். முகம் முழுக்க மலர்ந்தது.

"சொல்லு மகளே..."

கேட்டுக்கொண்டே இருந்தாள். மலர்ச்சி மெல்ல வடிந்தது. என்னிடமிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆமா... வந்திருக்கா. இல்ல, இன்னும் உள்ள விடல."