மேலூரில் விலைபோன இந்தி

அப்பாவுக்கு ரயில்வே வேலை. நான் பள்ளிப்படிப்பெல்லாம் நாக்பூரில்தான் படித்தேன். இந்தி தானாக வந்தது. அங்கே பெட்டிக்கடைக்காரர் முதல் எல்லாரும் பேசும் மொழி அது. தெரிந்துவைத்திருக்கிறேன் என்று யாரும் என்னை மெச்சியதில்லை. அப்பா ஓய்வுபெற்றதும் மதுரையில் காளவாசல் பக்கம் குடிவந்தோம். பி.காம். முடித்து வீட்டில் சும்மா கிடந்தேன். தெருவுக்கு நாலு பி.காம். இருக்கும் ஊரில் என்னை யார் கூப்பிடுவார்கள்?

மேலூர் ரோட்டில் ஒரு கிரானைட் பட்டறையில் கூப்பிட்டார்கள். கல் அறுப்பவர்கள் அத்தனை பேரும் பீகார்க்காரர்கள். முதலாளிக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அவர் சொல்வதை அவர்களிடமும் அவர்கள் கேட்பதை அவரிடமும் சொல்வதுதான் என் வேலை. எனக்கு ஃபேனுக்கு அடியில் சேர், வேளாவேளைக்கு டீ. ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது வீட்டுக்குக் காரையே அனுப்பிவிட்டார். "தம்பி, நீ இல்லாட்டி இங்க ஒண்ணும் ஓடாதுப்பா" என்றார். அந்தத் தைரியத்தில்தான் அம்மா எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார். ஒரு இடம் கிட்டத்தட்ட முடிவாகியும் இருந்தது.

அந்தப் பீகார்க்காரர்களில் ஒருவன் டீக்கடையே பழியாகக் கிடந்து தமிழ் கற்றுக்கொண்டான். ஒரு நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அவனே முதலாளியிடம், "அண்ணே, பிளேடு போயிருச்சு. புதுசு வர எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டான். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். விவரம் உறைக்காமல் நானும் சேர்ந்து சிரித்தேன். அதன்பிறகு அவர் அவனைத்தான் கூப்பிட்டார். நான் சேரில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இவன் மெஷினும் பாக்குறான், பேசவும் செய்யுறான். ஒனக்கு எதுக்கு தம்பி வெட்டியா ஒரு சம்பளம்? நாளையிலருந்து வர வேணாம்."

கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. முதலாளி என்ன சொன்னார் என்று மற்றவர்கள் அவனிடம் கேட்டார்கள். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். இந்த அண்ணனுக்கு மதுரையில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவர்களிடம் இந்தியில் சொன்னான். ஆளாளுக்குக் கல்தூளைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வந்து கை கொடுத்தார்கள். நானும் நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவன் சொன்னதையே அம்மாவிடமும் சொன்னேன். அம்மா உடனே பெண் வீட்டுக்குப் போன் போட்டார்.