இடது பக்கம் இழுத்த ஸ்டியரிங்

போவன்பள்ளி ஷெட்டில் நான் இருந்தேன். என் காரை ஓட்டும் மச்சான் செல்வம் இருந்தான். மெக்கானிக் கௌஸ் பாய் இருந்தார்.

பழைய ஹைபிரிட் கார். லிட்டருக்கு இருபது ஓடியது பதினான்காகிவிட்டது. செல்வம் பெட்ரோல் திருடுகிறான் என்று முடிவு கட்டினேன்.

“நான் தொடல மாமா. ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குது, அதைப் பாரு.”

“பேச்சை மாத்துறியாடா?”

வீல் ஸ்பேனரால் அடித்தேன். நெற்றி பிளந்தது. மறுபடி ஓங்கினேன்.

“நக்கோ பாய், வேணாம்!” கௌஸ் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இடது முன்சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினார். சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது.

“பிரேக் ஜாம். சக்கரத்தை விடாம பிடிச்சிருக்கு. வண்டி இழுக்கறதும் இதான், பெட்ரோல் குடிக்கறதும் இதான்.”

இந்த ஹைபிரிட் வண்டியில் பிரேக்கை மிதித்தாலும் பெரும்பாலும் மின் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும். வேலையில்லாத பிரேக் துருவேறி இறுகிவிட்டது.

செல்வம் இன்றும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். நான்தான் அவன் நெற்றியைப் பார்ப்பதில்லை.

தையல் ஏழு.