சித்தி போட்ட மூன்று மேசைகள்

சித்தி எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். சின்ன வயதிலிருந்தே கவனித்திருக்கிறேன். செருப்புக்கடையோ, மருத்துவமனையோ, சொந்தக்காரர் வீடோ, வாசலில் சற்று நின்று, யார் எந்தப் பக்கம் நடக்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

"அங்க என்னடி புதையலா கிடக்கு?" என்று அம்மா சீண்டுவாள்.

"போக்கா. யாரு எதைத் தேடி வந்திருக்காங்கன்னு காலைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

அவள் தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கல்லூரி விடுமுறைகளில் நான் அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். நீளமான கூடம், உயரத்தில் பச்சைக் கண்ணாடி ஜன்னல்கள். வெயில் ஏறினால் கூடம் முழுவதும் குளத்தின் அடிப்பகுதிபோல் ஆகிவிடும். விண்ணப்பப் பிரிவு ஒரு கோடியில், மீட்டர் பிரிவு மறு கோடியில், குழாய்ப் பிரிவு பின்னறையில். வந்தவர்கள் இடையில் மீன்களைப்போல மிதந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு மழைநாளில் எல்லோருடைய ஈரக்கால்களும் சிமெண்ட் தரையில் பதிந்தன. சித்தி வாசலில் நின்று, வருபவர்களிடம் என்ன வேலையாக வந்தார்கள் என்று கேட்டு, அவர்களுடைய தடத்தைக் கண்ணால் தொடர்ந்தாள். தரை துடைக்கும் பெண்மணி வாளியோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் இருங்க, இன்னும் படிச்சு முடிக்கல," என்றாள் சித்தி.

"நல்லாப் படிங்க மேடம். பரீட்சை முடிஞ்சதும் கூப்பிடுங்க."

புது வீடு கட்டியவரின் தடம் மூன்று பிரிவுக்கும் போய், திரும்பி, மறுபடி போயிருந்தது. தண்ணீர் வராதவரின் தடம் பின்னறைக் கதவின் முன்னால் வட்டமடித்திருந்தது. வீடு கைமாறியவரின் தடம் பாதியில் வாசலுக்கே திரும்பிவிட்டது.

சித்தி பிரிவுகளைக் கலைத்தாள். புது இணைப்புக்கு ஒரு மேசை, தண்ணீர் வராதவர்களுக்கு ஒன்று, பெயர் மாற்றத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மேசையிலும் விண்ணப்பம், மீட்டர், குழாய் என மூன்று வேலைக்கும் ஒவ்வோர் ஆள். வந்தவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தே வேலையை முடித்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் மீட்டர் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்த இருவரை அது பிரித்துவிட்டது. அலுவலகம் அவர்களைப் பெரிய மீட்டர், சின்ன மீட்டர் என்றே அழைக்கும். பெரியவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலதும் அரைகுறைதான். சின்னவர் இத்தனை வருஷமாக வருபவர்கள் சொல்வதை அவர் காதோரம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அதை அரட்டை என்று நினைத்திருந்தார்கள். பெயர் மாற்ற மேசையில் சின்னவர் துணையில்லாமல் விடப்பட்ட பெரியவர் கேட்டதற்கு ஒன்று, சொன்னதற்கு ஒன்று என்று பதில் தந்தார். திமிர் பிடித்த ஆள் என்று புகார் வந்தது. இன்னொன்று வந்தால் அவரைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள்.

சித்தி இருவரையும் கூப்பிட்டாள்.

"ஏண்ணே முன்னாடியே சொல்லல?"

"வர்றவங்களுக்கு என்ன வேணும்னு வாசல்ல நின்னு கேட்டீங்க. உள்ள இருக்கிற எங்களை யாரும்மா கேட்டா?" என்றார் பெரியவர்.

"கேட்டிருந்தாலும் இவருக்குக் கேட்டிருக்காது மேடம்," என்றார் சின்னவர்.

மூவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது சித்திதான். "அடுத்த மாசத்துக்குள்ள உங்க ரெண்டு பேரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்துடறேண்ணே. இது என் வாக்கு."

அந்தப் புகாருக்குத் தானே பொறுப்பு என்று அவள் எழுதிக்கொடுத்ததால் பெரியவர் கிடங்குக்குப் போகவில்லை. ஆனால் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் இன்னொரு மேசைக்கு மீட்டர் ஆள் இருக்காது. கூடுதல் ஆள் கேட்டாள், மேலிடம் தரவில்லை. சாப்பிடும்போது டம்ளர்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். கண் மட்டும் வேறெங்கோ இருக்கும்.

"காலேஜ் போற ஆளு நீதானே. உங்க புக்ல இதுக்கு என்னடி போட்டிருக்கு?"

நான் படித்தது வடிவமைப்பு. எதையும் யாருக்காக அமைக்க வேண்டும் என்று காட்ட என் புத்தகத்தில் ஒரு வட்டம் இருந்தது. நடுவில் பயனர் என்று ஒரே ஓர் ஆள். பெரியவரை அதில் எங்கே வைப்பது? எனக்குத் தெரியவில்லை. இன்று அதே படிப்பை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன், இன்னும் தெரியவில்லை.

அடுத்த மாதம் பலமுறை வந்து போனது. பிறகு சித்தி நோயில் விழுந்தாள், வேலையை விட்டாள், ஒரு மழைக்காலத்தில் போய்விட்டாள்.

அவள் வீட்டு இணைப்பைப் பெயர் மாற்ற நான்தான் போனேன். கூடத்தில் அதே பச்சை வெளிச்சம். மேசைக்குப் பின்னால் பெரியவர், தலையை வலப்பக்கம் சாய்த்தபடி.

"பழைய பேரு?"

சொன்னேன். கேட்கவில்லை. கூடமே திரும்பும்படி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மேசையில் சின்னவர் எழுந்து நின்றுவிட்டார்.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேலை ஒரே இடத்தில், சட்டென்று முடிந்தது. தாளை என் பக்கம் தள்ளினார்.

"நல்லா பண்ணிட்டுத்தான் போனாங்க உங்க சித்தி," என்றார். "எனக்குத்தான் ஒரு வாக்கு பாக்கி."

பின்னால் நின்றவர் ஏதோ கேட்டார். பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மேசைமேல் சாய்ந்து, வலக்காதை நீட்டினார்.