அம்மா இல்லாத மோட்சம் வேண்டாம் என்றிருந்த தம்பி

எனக்கு எண்பத்திரண்டு வயது ஆகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. வளர்த்த ஐந்தில் மூத்தவர்தான் இந்த நினைவு மலரின் அட்டையில் படமாக இருக்கிற என் தம்பி.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். "தம்பி வந்தான், போனான்" என்று நான் சொன்னால், "மலர்ல அப்படிப் போடக் கூடாது ஆயா" என்கிறாள். சரி, மரியாதையாகவே போடட்டும். மரியாதைக்கு உரியவர்தான்.

தம்பி பிறந்தது கரியமாணிக்கத்தில். எனக்கும் அவருக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். நடுவில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. தம்பிக்கு இரண்டு வயது முடியும்போது அம்மா வாந்திபேதி கண்டு மூன்றே நாளில் போய்விட்டார். அப்பாவுக்குக் கழனியை விட்டால் வேறு எதுவும் தெரியாது. அன்றிலிருந்து தம்பி என் இடுப்பில்தான். பதினேழு வயதில் எனக்குக் கல்யாணமாகி வில்லியனூர்ப் பக்கம் வந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். என் மாமியார் வாசலிலேயே கேட்டார், "இன்னாடி, சீர்வரிசையில இதுவும் சேத்தியா?" நான், "ஆமா அத்த, இது மொதல் சீரு, மத்ததெல்லாம் பின்னால வண்டியில வருது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தம்பியை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

படிப்பு எட்டாவதோடு நின்றது. எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிற வேலையைக் கற்றுக்கொண்டு மூலக்குளத்தில் ஒரு கடை போட்டார். அப்போது அந்த ரோட்டில் நின்றால் அந்தக் கடைசி வரைக்கும் வயல் தெரியும். இப்போது எதிர்க் கடை தெரிவதற்கே பஸ் நகரவேண்டும். வில்லியனூரிலிருந்து திருபுவனை வரைக்கும் எந்தக் கழனியில் மோட்டார் எரிந்தாலும் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். பயிர் காய்கிறது என்றால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போவார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தம்பி அறுபத்தாறு வயதில் ஞானஸ்நானம் வாங்கினார். நம்மவர்களில் சிலர், "சாவுக்குப் பயந்துகினு மாறிட்டாரு" என்றார்கள். வேறு சிலர், "பொண்டாட்டி பக்கத்துல பொதைக்க எடம் வேணும்னு மாறினாரு" என்றார்கள். இரண்டும் இல்லை. உண்மை என்ன என்று எனக்குத் தெரியும். நான் இருக்கும்போதே அது அச்சில் வந்துவிட வேண்டும்.

தம்பிக்குப் பெண் அமைந்தது கிறிஸ்துவக் குடும்பத்தில். மில் வேலைக்குப் போய்வந்த பெண். இரண்டு பேரும் மனது ஒத்துப்போனார்கள். பெண்ணின் அப்பா, "ஞானஸ்நானம் வாங்கினா பொண்ணு தரேன்" என்றார். தம்பிக்கு அப்போது இருபத்தேழு வயது. "வாங்கிக்கினா போச்சி" என்று உபதேசியாரிடம் பாடம் கேட்கப் போனார். உபதேசியார் என்றால் அவர்கள் கோவிலில் மந்திரம், அதாவது ஜெபம், சொல்லிக்கொடுப்பவர். நல்ல மனிதர்தான், கொஞ்சம் கறார்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, உச்சி வெயிலில் தம்பி என் வீட்டுக்கு வந்தார். நான் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை, அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"இன்னாடா ஆச்சி?" என்றேன்.

"அம்மா எங்க இருக்கும்னு கேட்டேன்கா. ஞானஸ்நானம் வாங்கினாங்களான்னாரு. அப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாதேன்னேன். அப்ப நரகந்தான், வேற எடம் இல்ல, அடுத்த மந்திரத்தச் சொல்லுன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க அம்மா இல்லாத மோட்சம் எனக்கு இன்னாத்துக்குன்னு எழுந்து வந்துட்டேன்."

அடுப்புப் புகையில் அவர் கண் கலங்கியதா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சோறு போட்டேன்.

பெண் உறுதியாக நின்றதால், மேலே ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கிக் கல்யாணத்தை நடத்தினார்கள். பிள்ளைகள் இரண்டும் கோவில் முறைப்படி வளர்ந்தன. தம்பியும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போவார். ஆனால் கடைசியில், கதவோரமாகத்தான் உட்காருவார். எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். முப்பத்தொன்பது வருடம் அப்படியே. தம்பி மனைவி ஒரு நாளும் அவரை நெருக்கியதில்லை. நம் வீட்டுத் தை அமாவாசைப் படையலுக்கும் இரண்டு பேரும் வருவார்கள். படைத்த சோறு அவர்கள் வழக்கத்தில் சாப்பிடுவதில்லை என்பதால் தம்பி மனைவிக்குப் படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைப்பேன். தம்பி இரண்டிலும் சாப்பிடுவார்.

நவம்பர் மாதத்தில் அவர்களுக்குக் கல்லறைத் திருநாள் வரும். கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தம்பி, தன் மாமனார் கல்லறையைத் தன் கையால் கழுவிவிட்டு, இரண்டு மெழுகுவர்த்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கரியமாணிக்கத்துக்கு வண்டியை விடுவார். அம்மாவை எரித்த இடத்தில் கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. ஒரு நுணா மரம் மட்டும் உண்டு. அதன் அடியில் ஏற்றுவார். ஒரு வருடம் எங்கள் பங்காளி வீட்டு மாப்பிள்ளை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"இன்னா மச்சான், ரெண்டு பஸ்லயும் துண்டு போட்டு வெக்கிறியா?"

"எந்த பஸ் மொதல்ல எடுப்பான்னு தெரியலியே மச்சான்" என்றாராம் தம்பி.

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் அவர் மனதில் இருந்தது சிரிப்பு இல்லை. அம்மா நெருப்பில் நிற்கிறாரா என்கிற கேள்வி அவரை விடவே இல்லை. கடையில் காயில் சுற்றிக்கொண்டே இருப்பவர் திடீரென்று, "அக்கா, அம்மா யாருக்காவது கெடுதல் பண்ணியிருக்குமா?" என்று கேட்பார். "ஒரு கோழியக்கூட வெரட்டாதுடா" என்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை, கோவில் மோட்டார் எரிந்துபோனது. மறுநாள் ஈஸ்டர் திருநாள், தண்ணீர் இல்லை. புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாரே மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். காயில் கட்டி முடிக்கும் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கே நடந்ததைத் தம்பி அன்று சாயங்காலமே என்னிடம் வந்து சொன்னார், காயிலுக்குப் பூசிய வார்னிஷ்கூடக் கையிலிருந்து போகவில்லை.

தம்பி கேட்டிருக்கிறார், "இன்னிக்குப் பகல்ல கோவில்ல ஒண்ணும் இல்லீங்களா சாமி?"

"இல்லப்பா. இன்னிக்கு ஆண்டவரு கல்லறையில இருக்காரு. ஆனா சும்மா இல்ல. பாதாளத்துக்கு எறங்கிப் போயிருக்காரு. விசுவாசப் பிரமாண மந்திரத்துல வாராவாரம் சொல்றோமே."

"அங்க அவருக்கு இன்னா வேல?"

"அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போனவங்க இருக்காங்கல்ல, ஆதாம், ஏவாள், ஆபிரகாம், பேர் தெரியாத எத்தனையோ நல்ல ஜனங்க. அவங்க அங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டு வரப் போனாரு. அவங்கள உட்டுட்டு அவரு மட்டும் எழுந்து வரல."

தம்பி சுற்றுகிற கையை நிறுத்திவிட்டார். "அதுல எத்தினி பேரு ஞானஸ்நானம் வாங்கினவங்க சாமி?"

சாமியார் சிரித்தாராம். "ஒருத்தர்கூட இல்லப்பா."

அப்போதுதான் தம்பி அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "எங்க அம்மா அவருக்கு முன்னால பொறந்தது இல்ல சாமி. ஆனா எங்க வூட்டுக்கு அவரு வரத்துக்கு முன்னாலயே போயிடுச்சி. அதுக்கு எந்த எடம்?"

சாமியார் சொன்ன பதிலைத் தம்பி வார்த்தை மாறாமல் எனக்குச் சொன்னார். "தன் தப்பு இல்லாம அவரத் தெரியாமப் போனவங்க, மனசாட்சிக்கு உண்மையா வாழ்ந்திருந்தா அவங்களுக்கும் வழி உண்டுன்னு எங்க சபையே சொல்லுது. எப்படின்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா உங்க அம்மா நரகத்துல இருக்காங்கன்னு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்ல. உங்களுக்குச் சொன்னவருக்கும் இல்ல."

தெரியும் என்று சொன்ன உபதேசியாரைவிட, தெரியாது என்று சொன்ன சாமியார்மேல் எனக்கு அப்போதே நம்பிக்கை வந்தது.

"அப்பறம் இன்னாடா? போயி தண்ணி ஊத்திக்க" என்றேன்.

தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த தம்பி மனைவிதான் வாயைத் திறந்தார்.

"அண்ணி, அவரு அன்னிக்கு உபதேசியார் கிட்ட கேட்டது ஒருத்தரப் பத்தி இல்ல. ரெண்டு பேரப் பத்தி. அம்மா எங்க இருப்பாங்கன்னு கேட்டாரு. அப்பறம், என்ன வளத்த அக்கா எங்க போவாங்கன்னு கேட்டாரு. அவங்களும் மாறலன்னா அதே எடந்தான்னு சொல்லிட்டாரு. அதுக்குத்தான் எழுந்து வந்தாரு. உங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

முப்பத்தொன்பது வருடம். கோவிலில் அந்தக் கதவோரத்தில் என் தம்பி எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார். அம்மாவின் முகம்கூட அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த அம்மா நான்தான் என்பது எழுபத்தொன்பது வயதில்தான் என் மண்டையில் ஏறியது.

"அந்தச் சாமியார வூட்டுக்குச் சாப்பிடக் கூப்புடு. நான் பேசறேன்" என்றேன்.

வந்தார். கருவாட்டுக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் நேராகவே கேட்டேன். "சாமி, நான் மாறமாட்டேன். மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தறவ நான். அத உடமாட்டேன். இவன் உங்க பக்கம் வந்துட்டா அங்க எனக்கும் இவனுக்கும் நடுவுல சுவரு வெச்சிடுவீங்களா?"

"சுவர் கட்டற வேலைய எனக்குக் குடுக்கலம்மா. தண்ணி ஊத்தற வேலைதான் குடுத்திருக்காங்க" என்றார். பிறகு, "உங்களுக்காகவும் வேண்டிக்கிறேன். நீங்க எனக்காக வேண்டிக்கங்க" என்றார். வேண்டிக்கொள்கிறேன் என்றேன். இன்றைக்கும் அவருக்காக மாரியாத்தாள் முன்னால் ஒரு கற்பூரம் எரிகிறது.

தம்பியைப் பார்த்து, "போடா. உன்ன என் கிட்டருந்து பிரிக்க எந்தச் சாமிக்கும் தைரியம் கெடையாது" என்றேன். அவ்வளவுதான், அவர் ஒத்துக்கொண்டார்.

ஞானஸ்நானத்துக்கு தாய் இடத்தில், ஞானத்தாயாக நானே நிற்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. அவர்கள் சட்டத்தில் அதற்கு இடம் இல்லை, கூட நிற்கலாம் என்றார் சாமியார். நின்றேன். சாமியார் மூன்று முறை தம்பி தலையில் தண்ணீர் ஊற்றினார். அது கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. துடைக்க வெள்ளைத் துணி வைத்திருந்தவர் மெதுவாக மடிப்புப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டேன். கோவில் மொத்தமும் பார்த்தது. தம்பி குனிந்து கொடுத்தார், நாலு வயதில் கொடுத்த மாதிரி. அவருக்கு ஒரு புதுப் பெயரும் வைத்தார்கள். எனக்குத் தம்பிதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் முன்வரிசையில் உட்கார்ந்தார். சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தார். முனகமாட்டார். கடைசி வாரம் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். ஒரு மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அம்மா எப்படி இருக்கும்? போட்டோகூட இல்லியே. அங்க அத்தினி கூட்டத்துல எப்படிக் கண்டுபுடிக்கறது?"

சொன்னேன். "நெத்தியில எடது பக்கம் மாடு முட்டின தழும்பு இருக்கும். எடது காது அறுந்து ரெண்டா தொங்கும். சிரிச்சா வாயப் பொத்திக்கும். ஒயரம் கம்மி. நடக்கறப்ப ஒரு கைய வீசாது. உன்னத் தூக்கித் தூக்கி அந்தக் கை இடுப்புலயே நின்னுடுச்சி."

"மொகம்?"

"என் மொகந்தான்டா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா அது போறப்ப முப்பத்திரண்டு வயசுதான். நீ கெழவன். நீதான் போயி, நான் உன் புள்ளன்னு சொல்லணும்."

தம்பி சிரித்தார். பிறகு என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஆறிவிட்டது. "அப்ப தெரிஞ்சிடும்கா" என்றார். மூன்றாம் நாள் காலையில் போனார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். இரத்தம் கொடுத்த திருபுவனைக் கம்பெனிப் பிள்ளைகளுக்கும், காசைப் பற்றிப் பேசாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய மூலக்குளத்து ஆட்டோக்காரருக்கும், முகம் சுளிக்காத நர்சுப் பெண்களுக்கும் நன்றி. கல்லறைத் தோட்டத்தில் அதுவரை கால் வைத்திராத கரியமாணிக்கத்துப் பங்காளிகள் வந்து மண் போட்டார்கள். பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் அந்த மாட்டுக்கார மாப்பிள்ளை. சாமியாருக்கு நன்றி. முப்பத்தொன்பது வருடம் ஒரு சத்தியத்தைக் காப்பாற்றி, பேச வேண்டிய நாளில் பேசிய தம்பி மனைவிக்கு நான் என்ன சொல்வது? அவர் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்.

எழுதினது போதும், கண்ணு. முதலிலிருந்து ஒருமுறை படி, கேட்கிறேன். அம்மாவின் அடையாளம் சொன்ன இடத்தை நிறுத்திப் படி. ஏதாவது விட்டிருந்தால் சேர்க்க வேண்டும். அடுத்துப் போகிறவள் நான். எனக்கும் அந்த முகம் இப்போது கொஞ்சம் மங்குகிறது.